அஞ்சு நிமிஷ கேப்டன்

1. கையெழுத்து நன்றாக இருந்த குற்றம்

பங்காருபேட்டையில் ரயில்வே இன்ஜினியரிங் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், உட்கார நாற்காலி காட்டுவதற்கு முன்னாலேயே கிளப் ஃபாரத்தை நீட்டினார்கள்.

"இன்னா கேம் ஆடுவே?" என்றார் ஹெட் கிளார்க்.

"எதுவும் ஆட வராது சார்."

"கையெழுத்து எப்படி?"

எழுதிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப நீதான்பா கேம்ஸ் செக்ரட்டரி" என்றார்.

ஜென்மத்தில் பந்தைத் தொடாதவன் ஒரு விளையாட்டுக் கிளப்புக்கு இருபத்தெட்டு வருஷம் செக்ரட்டரியாக இருந்த கதை இதுதான். டீம் ஷீட் அடிப்பது, ரிசல்ட் எழுதுவது, கோப்பையைத் துடைப்பது என் வேலை. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ஹாக்கி ஆடத் தெரியாத ஆம்பளை, லைன் என்று நாங்கள் சொல்லும் எங்கள் தொழிலாளர் குடியிருப்பில் நான் ஒருத்தன்தான் என்று என்னைப் பெற்ற நைனாவே சொல்வார்.

ரயில்வே தொழிலாளர் விளையாட்டுக் கிளப் என்று வாசலில் பெரிய போர்டு. எட்டு விளையாட்டுகளின் பெயரை அதில் வரிசையாக எழுதியிருந்தார்கள். உள்ளே போனால் தெரியும் லட்சணம். ஷட்டில் கோர்ட் மாலை ஆறு மணி வரை ஆபீசர்களுக்கு, ஆறுக்கு மேல் தொழிலாளர்களுக்கு. ஆறு மணி அடித்ததும் லைட்டை அணைத்துவிடுவார்கள். வெயிட் லிஃப்டிங் செட் ஒரு ரூமில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் டிரான்ஸ்ஃபரில் போனபோது சாவியும் அவரோடு போய்விட்டது. டேபிள் டென்னிஸ் மேசை மேல் பழைய ஃபைல்களை அடுக்கியிருந்தோம். அடுக்கியது நானேதான், பொய் சொல்வானேன்.

2. கேப்டன் வரும் வழி, போகும் வழி

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். எந்த டீமாக இருந்தாலும் கேப்டன் ஆபீசராகத்தான் இருக்க வேண்டும். எந்த ரூல் புத்தகத்திலும் அது கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது என்றார்கள். வெள்ளைக்காரன் போனான், சுரங்கத்தையும் மூடினார்கள், இந்தக் கர்மம் மட்டும் போகவில்லை.

எங்கள் ஏரியாவுக்குப் பெரியவர் அசிஸ்டெண்ட் இன்ஜினியர். ஏ.இ. என்போம். ஹாக்கி மேட்ச் என்றால் ஏ.இ. வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார், டாஸ் போடுவார், டீமுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். விசில் அடித்து ஐந்து நிமிஷம் ஓடுவார். அப்புறம் தொடையைப் பிடித்துக்கொள்வார். "கிராம்ப், கிராம்ப்" என்று கையைக் காட்டுவார். வெளியில் உட்கார்ந்திருந்த அசல் ஆட்டக்காரன் உள்ளே ஓடுவான். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று ஏ.இ.க்குக் கைதட்டுவோம். என் காலத்தில் எத்தனையோ ஏ.இ.க்கள் வந்து போனார்கள். ஆள் மாறினாலும் ஐந்தாவது நிமிஷத்து வலி மட்டும் மாறவில்லை. ஒருத்தர் இடது தொடையைப் பிடித்துக்கொண்டு வலது காலை நொண்டினார். அதற்கும் கைதட்டினோம். கேரம் போட்டியில்கூட முதல் ஸ்ட்ரைக் ஆபீசருடையதுதான். அங்கே தொடை வலிக்க வழியில்லாததால் 'அர்ஜென்ட் கால்' வரும்.

தொழிலாளர்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். ஆட வேண்டுமானால் அன்றைய டியூட்டியிலிருந்து விடுவிக்கும் சீட்டு வேண்டும். அதற்கு 'ஸ்பேர்' என்று பெயர். ஆபீசர் கேப்டனாக இருக்கும் டீமுக்கு ஸ்பேர் தானாக வரும். கபடி டீமுக்கு எந்த ஆபீசரும் வரவில்லை, மண்ணில் யார் புரள்வது? கேப்டன் இல்லை, அதனால் ஸ்பேரும் இல்லை. இரண்டே வருஷத்தில் கபடி செத்தது. அதைப் பார்த்த ஹாக்கிக்காரர்கள், ஐந்து நிமிஷம்தானே, தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆபீசரை ஏமாற்றிவிட்டதாக எங்களுக்கு ஒரு பெருமை வேறு. யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

3. ஏழுமலை

கேப்டன் நிற்பது சென்டர் ஹாஃப் இடத்தில். போட்டோவில் நடு, ஆட்டத்திலும் நடு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாக, சாவு வீட்டில் பிணமாக இருக்க ஆசைப்படும் ஜாதி அது. அங்கே ஐந்து நிமிஷம் ஓட்டை விழுந்தால் அதை அடைக்க டீமிலேயே நல்ல ஆள் வேண்டும். அதனால் இருப்பதிலேயே கெட்டிக்காரனை வெளியே உட்கார வைத்தோம். அவன்தான் ஏழுமலை.

நந்திதுர்க் லைனில் வீடு. தண்டவாளத்தில் ஜல்லி அடித்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் கீயை முடுக்கும் ட்ராக்மேன். எட்டு வருஷம் எங்கள் டீமில் ஆடினான். எட்டு வருஷமும் என் டீம் ஷீட்டில் அவன் பெயர் பன்னிரண்டாவதாக, 'மாற்று ஆட்டக்காரர்' என்ற தலைப்புக்குக் கீழேதான் இருந்தது. அவனுக்கு அதைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை. "பேர்ல இன்னாண்ணே கீது, பந்து கெடைச்சா போதும்" என்பான்.

அப்படிச் சொன்னவன் ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றான். அவன் வேலை செய்த ட்ராக்மேன் கேங்கையே ஆந்திரா பக்கத்து செக்ஷனுக்கு மாற்ற ஆர்டர் வந்திருந்தது. போனால் அங்கேயே தங்க வேண்டும். வீட்டில் அவன் நைனா. முப்பது வருஷம் சுரங்கத்தில் இருந்தவர், நெஞ்செல்லாம் கல்தூசி. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். ஏழுமலையின் மனைவி விடியற்காலை ரயிலில் பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து பெரியவருக்குக் கஞ்சி கொடுத்து, மிஷினில் மருந்துப் புகையை இழுக்க வைத்துவிட்டுப் போகிறவன் ஏழுமலைதான்.

"டிவிஷன் டீமுக்கு ட்ரையல் கீதாம்ண்ணே. செலக்ட் ஆனா இங்கயே டிப்போவுல போடுவாங்களாம். ட்ரையலுக்கு எனக்கு வயசு இந்த வருஷத்தோட முடியுது."

"போடு அப்ளிகேஷன்."

"ஏதாச்சும் ஒரு டோர்னமென்ட்ல முதல் பதினோரு பேர்ல ஆடியிருக்கணுமாம். டீம் ஷீட் காப்பி வைக்கணும்."

நான் ஃபைலைப் புரட்டினேன். எட்டு வருஷத்து ஷீட். ஒன்றில்கூட இல்லை. ஒரே ஒரு மேட்ச் பாக்கி இருந்தது. மறுநாள் நந்திதுர்க் மைதானத்தில் ஃபைனல்.

"இந்த ஒரு மேட்சுக்கு என் பேரை மேல போடுங்கண்ணே. நைனாவ வுட்டுட்டு எப்படிண்ணே போறது?" என்றான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

4. பதினைந்து அடி

ஏ.இ.யிடம் போனேன். "சார், நாளைக்கு ஏழுமலை பேரை முதல் பதினொன்றில் போடலாமா?"

"யாரு ஏழுமலை?"

இரண்டு சீசனாக இவருக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருப்பவன்! "உங்களுக்குக் கிராம்ப் வந்ததும் இறங்குவாரே சார், அவர்தான்."

"ஓ, அந்த ஆளா? நல்லா ஆடுறான்ல? அடுத்த வருஷம் கண்டிப்பா பண்ணலாம் செல்வம். நாளைக்கு டிவிஷன்லேர்ந்து பெரிய ஆபீசர் வராரு, போட்டோகிராஃபர் வராரு. நான் இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

வெளியே வந்தேன். ரைட் பேக் ஆடும் சலபதி வராந்தாவில் நின்றிருந்தான். பேத்தமங்களாக்காரன், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"இதுக்கு அந்தாளை எதுக்குக் கேட்டே? என் பேரைக் கீழ எறக்கு, ஏழுமலைய என் எடத்துல போடு. அஞ்சு நிமிஷம் நான் வெளிய உக்காந்தா கொறஞ்சா பூடுவேன்? கேப்டன் நொண்டுனதும் நான் உள்ள வரேன். முடிஞ்சுது."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஆனால் டீம் ஷீட்டை நான் காலையிலேயே டைப் அடித்து, ஏ.இ.யின் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன். அடித்துத் திருத்தினால் டோர்னமென்ட் கமிட்டி வாங்காது. புதிதாக அடிக்க வேண்டும், திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏ.இ. அடுத்த அறையில்தான் இருந்தார். என் மேசையிலிருந்து பதினைந்து அடி. 'இப்பத்தானே சொன்னேன், மறுபடியும் இன்னா?' என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குத் தயக்கம். என் பிரமோஷன் ஃபைல் அப்போது அவர் மேசையில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஷீட் ரெடி ஆயிடுச்சு சலபதி. இனிமே மாத்த முடியாது" என்றேன்.

"முடியாதா, மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

5. ஃபைனல்

மறுநாள் சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசி கிளம்பி மைதானம் முழுக்கக் காற்று. டிவிஷன் ஆபீசர் ஷாமியானாவில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது, எங்கள் கேப்டனுக்குத் தொடை வலிக்கவே இல்லை. போட்டோகிராஃபர் இன்னும் சரியான படம் எடுக்கவில்லையாம். பந்து ஒரு பக்கம் போகும், இவர் ஷாமியானா பக்கம் ஓடுவார். பாதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக இரண்டு கோல். அதற்கப்புறம்தான் வலி வந்தது. அடேங்கப்பா, என்ன வலி! இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். டிவிஷன் ஆபீசரே எழுந்து நின்று கைதட்டினார்.

ஏழுமலை இறங்கினான். ஹாக்கி தெரியாத எனக்கே புரிந்த ஆட்டம் அது. எதிர் டீம் பந்தை நடுக்கோட்டைத் தாண்ட விடவில்லை அவன். மூன்று கோல் போட்டோம். மூன்றுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தது ஏழுமலை. அடித்தது வேறு வேறு ஆட்கள். ரிசல்ட் ஷீட்டில் கோல் அடித்தவன் பெயருக்குத்தான் கட்டம் உண்டு. கொடுத்தவன் பெயருக்கு இடம் கிடையாது.

கோப்பையை ஏ.இ. வாங்கினார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! மைக்கில் பேசும்போது, "எனக்கு மட்டும் கிராம்ப் வராம இருந்திருந்தா இன்னும் ரெண்டு கோல் போட்டிருப்போம்" என்றார். வெட்கம் கெட்ட பேச்சு. அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஏழுமலையின் அப்ளிகேஷன் மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. 'மாற்று ஆட்டக்காரர். முதல் பதினொருவரில் ஆடியதற்கு ஆதாரம் இல்லை.' கூடவே நான் அடித்த ஷீட்டின் காப்பி. ஒரு பிழை இல்லாமல், அழகாக மார்ஜின் விட்டு அடித்திருந்தேன். என் பிரமோஷன் அடுத்த மாதம் வந்தது.

ஏழுமலை கேங்கோடு போனான். அவன் நைனாவுக்குப் பக்கத்து வீட்டம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை அந்தம்மா போய்ப் பார்த்தபோது அவர் கட்டிலில் சாய்ந்தபடி இறந்திருந்தார். மருந்துப் புகை மிஷின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. தகவல் தண்டவாளத்தில் வேலையில் நின்ற ஏழுமலைக்குப் போய், அவன் இடத்துக்கு ஆள் வந்து, ரயில் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. நானும் போயிருந்தேன். என்னைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றான். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

6. மலர்

நான் ரிட்டயர்டு ஆகிவிட்டேன். போன மாதம் கிளப்பிலிருந்து போன். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். "கிளப்போட ஹிஸ்டரி உங்களவிட யாருக்கு சார் தெரியும்? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். ப்ரூஃபும் அனுப்பினார்கள். முதல் இருபது பக்கம் ஆபீசர்களின் போட்டோ. அந்த ஃபைனல் பற்றி ஒரு பாரா இருந்தது. கேப்டன் காயத்தையும் பொருட்படுத்தாமல் டீமை வெற்றிக்கு அழைத்துச் சென்றாராம். தூ.

இந்தத் தடவை விடக் கூடாது என்று உட்கார்ந்து உண்மையை எழுதினேன். எட்டு வருஷம் வெளியே உட்கார்ந்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவன் ஏழுமலை என்று பெயரோடு எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அந்தத் தெம்பில் ஏழுமலைக்குப் போன் போட்டேன். இன்னும் அதே ஆந்திரா செக்ஷனில்தான் இருக்கிறான். முழுவதும் படித்துக் காட்டினேன்.

ஏழுமலை கடைசி வரி வரை கேட்டான்.

"வேணாண்ணே, எழுதாதீங்க" என்றான். "அந்தப் பேரு எனக்கு ஒரே ஒரு நாள் வேண்டியிருந்துச்சு. வந்து கேட்டேன், நீங்க எழுதல. இப்ப எழுதுனா அது உங்களுக்குத்தான் ஆவும். எனக்கு இன்னாத்துக்கு?"

மலருக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. ஆபீஸ்களில் புதிதாக என் மாதிரி மேசையில் உட்காரும் பிள்ளைகளுக்காக இதை இங்கே எழுதுகிறேன். இத்தனை பக்கம் ஆபீசர்களைத் திட்டித் தீர்த்தேன், திட்ட வேண்டியவர்கள்தான். ஆனால் ஏழுமலையின் பெயரை மேலே ஏற்றச் சலபதி சொன்ன யோசனையை எந்த ஆபீசரும் தடுக்கவில்லை, அந்த யோசனை அவர்கள் காதுக்கே போகவில்லை. பதினாறு பெயர், ஒரு தாள். மறுபடி டைப் அடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் அடிக்கவில்லை.