பொன்னாயியின் இரண்டு கூடைகள்

முதல் கூடை எல்லப்பனுடையது. அது நிரம்பிய பிறகுதான் பொன்னாயி தனக்கென்று கொழுந்து கிள்ளுவாள். அவள் புருஷன் எல்லப்பன் தேயிலைச் செடியோரம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். நிறுவைக்கு விசில் ஊதியதும் கூடையை அவன் முதுகில் மாட்டி, கையைப் பிடித்து வரிசையில் நிறுத்துவாள். கணக்கப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். நிறுக்கும்போது அவர் தராசு முள்ளை மட்டும் பார்ப்பார்.

இந்தப் பித்தலாட்டமெல்லாம் மாத்திரைக்காக. வேலையாள் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தால்தான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து. "எங்க ஆளு பேரு விழுகணும்ங்க, அம்புட்டுத்தான்" என்பாள். இலங்கையிலிருந்து வந்து குன்னூர்ப் பக்கம் குடியேறி ஐந்து வருடமாகியும் கண்டி லயத்துப் பேச்சு மாறவில்லை. கொழுந்து குறைந்த செடியை "மூதேவி" என்று வைவாள். பக்கத்து வரிசையில் கிள்ளும் நான், எல்லப்பனை அவள் ஒரு சொல் வைது கேட்டதில்லை.

இவர்கள் கப்பலேறியபோது அவன் தாயும் தம்பியும் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. அன்றிலிருந்து இவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது. மாத்திரை போட்டால் சோறு தின்பான், தூங்குவான். இல்லாவிட்டால் கப்பலைப் பிடிக்க மலையிறங்கிவிடுவான். போன மழைக்காலத்தில் பர்லியார் வளைவில் லாரிக்கு முன்னால் நின்றவனை யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சென்ற திங்களன்று கம்பவுண்டர் சகாயம் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். "ஏம்மா, காய்ச்சலுக்கு இருக்குது, வெட்டுக்காயத்துக்கு இருக்குது. இந்த மாத்திரைக்கு இனிமே பணம் ஒதுக்க மாட்டாங்களாம். மேலிருந்து கடுதாசி வந்திருச்சு."

இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு மறுவாழ்வு என்று கூரைத் தகட்டுக்கு நிதி வைத்தார்கள், கறவை மாட்டுக்கு வைத்தார்கள். கலங்கிய புத்திக்கு ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொன்னாயி வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள். தான் கிள்ளியது போதவில்லையாக்கும் என்று நினைத்துவிட்டாள்.

"இன்னொரு கூடை சேத்து எடுக்கிறேன் ஐயா. மூணு எடுக்கிறேன். குடுப்பீங்களா?"

சகாயம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை மலைச்சரிவில் அவளைப் பார்த்தேன். கிள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அவனைப் பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை. கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டியிருந்தாள். மறுமுனையை எல்லப்பனின் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, சற்றே தளர்த்தினாள்.