இல்லாத பிரேக்

எனக்கு ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் படிப்பு. எழுதினால் வரி கோணும். சொன்னதையே திரும்பவும் சொல்வேன், சொல்ல வந்ததை மறந்தும் போவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் லொறி டிரைவராக இருந்தவர். ஒருகொடவத்தை யார்டிலிருந்து துறைமுகத்துக்கும், துறைமுகத்திலிருந்து யார்டுக்கும் கொன்டெய்னர் ஏற்றி ஓடுவார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடினார். ஒருவரையும் அடித்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். அப்போது எங்களுக்குக் கொட்டாஞ்சேனையில் வீடு. போன வருடம் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கால் தேறிவிட்டது, வலது கை மட்டும் மடியில் வைத்த பொருள் மாதிரிக் கிடந்தது. மருமகன் கட்டாரில் வேலை செய்கிறார், மகள் வெள்ளவத்தையில் தனியே இருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் தன்னுடைய ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

களுபோவில ஆஸ்பத்திரியில் கிழமைக்கு இரண்டு நாள் கைக்குப் பயிற்சி. பயிற்சி கொடுக்கிற பிள்ளை முதல் நாளே சொன்னது: “அங்கிள், இந்த ஆறு மாசம்தான் முக்கியம். விடாம வந்தா கை வரும். விட்டீங்களெண்டா இப்பிடியே இறுகிப் போகும்.” இவர் தலையாட்டினார். அன்றைக்குப் பின்னேரம் முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகனின் சின்னக் கார் கீழே உறை போட்டபடி நின்றது. மகளிடம் லைசன் இருந்தது, ஆனால் தனியே ஓடிப் பழக்கமில்லை. அப்பாவுக்காக மாஸ்டர் ஒருவரைப் பிடித்துத் திரும்பவும் பழகினாள். காரில் போனால்தான் எங்களைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பதினொரு மணிக்குள் ஒஃபிஸுக்குப் போகலாம்.

முதல் நாள் இவர் முன்னுக்கு ஏறினார். நான் பின்னுக்கு. வண்டி காலி வீதிக்கு ஏறினதும் இவருடைய வலது கால் அசையத் தொடங்கியது. அவருக்கு முன்னால் பிரேக் இல்லை. இருந்தாலும் மிதித்தார். பஸ் ஒன்று முன்னால் நின்றால் மிதிப்பார், ஓட்டோ ஒன்று குறுக்கே வந்தால் மிதிப்பார், ஒன்றுமே வராவிட்டாலும் வரும் என்று மிதிப்பார். போய்ச் சேருமுன்னமே காலடி மெட் சுருண்டுவிட்டது.

“பஸ் நிக்குது மகள்.”

“தெரியுது அப்பா.”

“தெரியுதெண்டா ஏன் போற?”

“அவன் ஆள் ஏத்துறான். இப்ப எடுக்க மாட்டான்.”

“நிக்கிற மாதிரித்தான் நிப்பான். நீ லைசன் எடுத்து எத்தின நாள்? எனக்கு அவங்கட குணம் தெரியும்.”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வழியில் ஒரு சந்தியில் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அந்த மாதிரி இடத்தைத் தாண்டும்போது சிலுவை அடையாளம் போட்டு விரலை முத்தமிடாமல் போவதில்லை. நடந்து போனாலும் அப்படித்தான், வண்டி ஓடினாலும் அப்படித்தான். லொறி ஓடின காலத்தில் இவர் ஒரு சுரூபத்தையும் விட்டதில்லை. இப்போது அவருடைய கை எழும்பாது. இடது கையால் போடுவது சரியில்லை என்பது அவருடைய எண்ணம். அதனால் மகளைப் பார்த்து, “சிலுவை போடு” என்றார்.

“நான் ஓடுறன் அப்பா.”

“ஓடேக்குள்ளதான் போடோணும்.”

“ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கோணும் எண்டு மாஸ்டர் சொல்லித் தந்தவர்.”

“அந்தோனியார விட உன்ர மாஸ்டர் பெரியாளோ?”

“அந்தோனியார் பிரேக் பிடிக்க மாட்டார் அப்பா.”

இவர் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கை எடுக்காமல் போகிறாளே, ஏதும் நடக்கப்போகிறது என்று அவருக்குப் பயம். கையை எடுத்தால் ஏதும் நடக்கும் என்று அவளுக்குப் பயம். இரண்டு பேருக்கும் ஒரே சந்தியில் இரண்டு விதமான பயம். ஆர் சரி என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த தடவையிலிருந்து மகள் பாமன்கடைப் பக்கத்தால் உள்வீதியில் போய்ப் பார்த்தாள். அங்கே லொறி குறைவு, சுரூபமும் இல்லை. இவர் அதையும் கண்டுபிடித்துவிட்டார். “சாமியில்லாத ரோட்டால கொண்டு போறாள்” என்று இறங்கும்போது என்னிடம் குறைப்பட்டார்.

ஒரு நாள் மகளுக்கு ஒஃபிஸில் விட முடியாத கூட்டம். நானும் இவரும் ஓட்டோவில் போனோம். ஓட்டுகிறவர் நடுவயதுச் சிங்களவர். தோளால் ஃபோனைக் காதோடு இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரிச் சொருகிக்கொண்டு போனார். அரசமரத்துப் புத்தருக்கு ஒரு கும்பிடு, பிள்ளையார் கோயிலுக்கு ஒரு கும்பிடு, அந்தோனியாருக்கு ஒரு கும்பிடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையையும் எடுத்தார். நான் முன்கம்பியைப் பிடித்திருந்த விதத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “பய வென்ன எபா அம்மே” என்று சிரித்தார். பயப்பட வேண்டாமாம்.

இவரோ மாப்பிள்ளை மாதிரி இருந்தார். காலை அசைக்கவேயில்லை. “டிரைவர் எண்டா இப்பிடி இருக்கோணும்” என்றார் என்னிடம்.

அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, ஆஸ்பத்திரிச் சந்தியில் ஓட்டோ வெட்டித் திரும்பியது. இவருக்குப் பிடிக்க இருப்பது ஒரு கைதானே. சரிந்து கம்பியில் தோள் இடிபட்டது. நான் மட்டும் சேர்ட்டைப் பிடித்து இழுக்காவிட்டால் வெளியே போயிருப்பார். பயிற்சி கொடுக்கிற பிள்ளை தோளில் கன்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, இனி ஓட்டோவில் வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும், “அது ரோட்டில பள்ளம், அவன்ல பிழையில்ல” என்றுதான் இவர் மகளிடம் சொன்னார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்த புதிதில், வெறும் லொறி எடுத்துப் போகிற நாட்களில், இவர் என்னையும் முன்னுக்கு ஏற்றிக்கொண்டு போவார். தலவிலக் கோயிலுக்குக்கூட ஒருமுறை அப்படிப் போனோம். உயரத்தில் இருந்து பார்த்தால் கீழே சைக்கிள்காரர் எல்லாம் சக்கரத்துக்குள் போகிற மாதிரித் தெரியும். ஒவ்வொரு சுரூபத்துக்கும் இவர் கையை எடுப்பார், நான் கண்ணை மூடி ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்குவேன். “எங்கட ஆள் வண்டியில ஏறினா செபம்தான்” என்று இவர் கூட்டாளிமாரிடம் பெருமையாகச் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பக்தி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படியே நாற்பது வருடம் போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை மகள் காலி வீதியாலேயே போனாள். உள்வீதியில் பைப் புதைக்கத் தோண்டியிருந்தார்கள். அந்தோனியார் சந்தி வந்தது. இவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நெற்றிக்குத் தூக்கப் பார்த்தார். கை நெஞ்சளவுக்கு வந்து விழுந்தது. திரும்பத் தூக்கினார், திரும்ப விழுந்தது. மகள் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள். பாவப்பட்டுத்தான் அவள் கையை எடுத்தாள்.

நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்த் தோளுக்கு வருவதற்குள் வண்டி இடது பக்கம் இழுத்தது. ஓரத்தில் நின்ற வானின் பக்கக் கண்ணாடியில் எங்கள் கண்ணாடி அடித்து உடைந்தது. சத்தம் பெரிது, சேதம் சின்னது. ஆனால் அதற்கு ஒரு நொடிக்கு முந்தித்தான் மரக்கறிப் பையோடு ஒரு பெண் அந்த வானுக்கு முன்னால் நடந்து நடைபாதையில் ஏறினாள். அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டாள். தனக்கு என்ன நடக்கவிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வான்காரர் இறங்கி வந்து, “பலாகென நேத நங்கி யன்னே” என்றார். பார்த்துப் போக வேண்டாமா தங்கச்சி என்கிறார். பிறகு உள்ளே குனிந்து இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னுடைய கண்ணாடியைத் தட்டி நேராக்கிவிட்டு, போங்கள் என்று கை காட்டினார்.

மகள் வண்டியை ஓரத்தில் நிற்பாட்டினாள்.

“நான் சொன்னனான்தானே, கண் ரோட்டில இருக்கோணும் எண்டு” என்றார் இவர்.

“நீங்கதானே கைய எடுக்கச் சொல்றது.”

“கையத்தான் எடுக்கச் சொன்னன். கண்ண எடுக்கச் சொல்லேல்ல.”

மகள் சாவியைக் கழற்றி மடியில் வைத்தாள். “இனி நான் ஓட மாட்டன். அவர்ட்டச் சொல்லி வண்டிய விக்கிறன். நீங்க ரெண்டு பேரும் என்னை விடுங்க” என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் பின்னுக்கு இருந்தவள். என்னையும் சேர்த்து ஏன் சொன்னாள் என்று அப்போது விளங்கவில்லை. பிறகு விளங்கியது, நான் வாய் திறக்காததும் பிழைதான் என்று.

அன்றைக்குப் பயிற்சி இல்லை. அடுத்த இரண்டு தரமும் இல்லை. ஓட்டோ கூடாது. பஸ்ஸில் ஒற்றைக் கையோடு இவரை ஏற்ற முடியாது. ‘டாக்ஸிக்குச் சொல்றன்’ என்று மகள் சொன்னாள், இவர் ‘தெரியாதவன்ட வண்டியில ஏற மாட்டன்’ என்றார், ஓட்டோக்காரர் மட்டும் தெரிந்தவராக்கும். மகளும் ஓட மாட்டாள், அப்பாவும் ஏற மாட்டார். அதற்கு முந்தின கிழமை பிளேன்டீக் கோப்பையின் காதுக்குள் விரலை விட்டுப் பிடிக்கிற அளவுக்கு வந்திருந்தார். ஒரு காலை நான் பார்த்தபோது அந்த விரல் திரும்பவும் உள்ளுக்கு மடங்கியிருந்தது. இவர் கோப்பையை இடது கைக்கு மாற்றினார், நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

“இஞ்ச பாருங்க. ஒண்டு சொல்லோணும். உங்கட லொறியில நான் செபம் சொன்னது பக்தியில இல்ல. பயத்தில.”

இவர் கோப்பையை வைத்தார். “என்ன பயம்? நான் ஆரையும் அடிச்சனா?”

“அடிக்கேல்ல.”

“பிறகென்ன?”

“நீங்க கைய எடுக்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு உயிர் போய் வந்தது.”

“நாப்பது வருஷமா?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்ல?”

“சொன்னா பிறகு ஏத்திக்கொண்டு போக மாட்டீங்க எண்டு.”

மகள் குசினி வாசலில் கரண்டியோடு நின்றாள். இவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப மகள்ட வண்டியில?”

“மகள்ட வண்டியில நான் நித்திரை கொள்றனான்” என்றேன். உண்மைதான். பாமன்கடைப் பக்கத்தால் போன நாட்களில் இரண்டு தரம் தூங்கியிருக்கிறேன்.

பின்னேரம் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நான் தவித்தேன். ஓடுவதற்குக் கை இல்லாமல் போன மனிசனிடம், ஓடின காலத்துப் பெருமையையும் பிடுங்கிவிட்டேனே என்று இருந்தது. விளக்கு வைக்கிற நேரம் பக்கத்தில் வந்து இருந்தார்.

“தலவிலைக்குப் போனமே, அதிலயும் பயமோ?”

“அதிலதான் கூடப் பயம்.”

“அண்டைக்கு நீ பாட்டும் படிச்சாயே.”

“அதுவும் அதுக்குத்தான்.”

இவர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போது இப்போது அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் போகும். பிறகு மகளின் அறை வாசலில் போய் நின்று, “நாளைக்கு எட்டு மணிக்கு வெளிக்கிடு மகள். நான் பின்னுக்கு இருக்கிறன்” என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிசன். அவ்வளவுதான் அவருக்கு வரும்.

மகள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. “சந்தியில என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். “அதை நான் பாத்துக்கொள்றன்” என்றேன் நான்.

காலையில் இரண்டு பேரும் பின்னுக்கு ஏறினோம், முன் சீட் காலி. “ரெண்டு பேரும் என்னை டாக்ஸிக்காரியாக்கிட்டீங்க” என்றாள் மகள். உள்வீதி இன்னும் திறக்கவில்லை, காலி வீதிதான். அந்தோனியார் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றோம். பக்கத்துப் பஸ்ஸிலிருந்து சனம் பார்க்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது தாய்மார் பெருவிரலால் நெற்றியில் போடுகிற சின்னச் சிலுவை இருக்கிறதே, அதை இவர் நெற்றியில் போட்டேன். வெளியிடத்தில் இவர் முகத்தைத் தொட்டதே எனக்கு அதுதான் முதல் தடவை. என் விரல் பட்டதும் இவர் கண்ணை மூடினார். பச்சை விழுந்தது. வண்டி சந்தியைத் தாண்டி, பஸ்ஸையும் தாண்டிப் போகும்வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. நானும் விரலை எடுக்கவில்லை.

அதற்காகப் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போதும் மிதிக்கிறார். மகளின் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் அவளுக்கு முதுகில் இடிக்கிறது. “அப்பா, கால்” என்பாள். “ஓம் ஓம்” என்பார். அதற்குப் பிறகு பயிற்சி ஒரு நாளும் தவறவில்லை.

இதை அச்சில் போடுகிறவரிடம் ஒரு கேள்வி. கண்ணாடி உடைந்த அன்றைக்கு வண்டி எத்தனையில் போனது என்று நான் எழுதவில்லை. மகளிடம் கேட்டால் இருபது என்கிறாள், இவரிடம் கேட்டால் அறுபது என்கிறார். எனக்கு அந்த முள் பார்க்கத் தெரியாது. வியாழக்கிழமை என்று எழுதினதும் சரியோ தெரியவில்லை. தயவுசெய்து இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டு, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.