சோறில்லாத கால்கள்

முதலில் என் விசர்த்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். நீர்வேலியில் அறுநூறு வாழை வைத்திருக்கும் நான், ஐம்பத்துநாலு வயதில், கதலிக்குலைகள் பழுத்து மணக்கும் அறைக்கு அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, இருபத்துநாலு நாள் ஒரு வாழைப்பழம்கூடத் தின்னாமல் இருந்தேன். சோறு இல்லை. பிட்டு இல்லை. இடியப்பம் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. விரதம் என்றாலாவது கொஞ்சம் புண்ணியம் மிஞ்சியிருக்கும். நான் இருந்தது கரப்பந்தாட்டத்தில் நாலு அங்குலம் கூடுதலாகக் குதிப்பதற்காக.

எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று வருடாவருடம் ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். எங்கள் குறிச்சி அணியில் வலைக்கு முன்னால் நின்று பந்தை அடிக்கிறவன் நான். வேறெந்த இடத்திலும் எனக்கு முன்வரிசை கிடைத்ததில்லை. கலியாணவீட்டுப் படங்களில்கூட என் ஒரு காது மட்டும்தான் விழும். ஆகவே அந்த இடத்தின்மேல் எனக்கு ஒரு வெறி. போன வருடம் நான் அடிக்க எழும்பியபோது எதிரணிக்காரர் ஒருவர், "காலுக்குக் கீழை ஒரு பேப்பரை விட்டுப் பாருங்கோ, போகுதோ எண்டு" என்றார். மைதானமே சிரித்தது. என் மனைவிதான் கடைசியாகச் சிரித்து முடித்தவள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் அணித்தலைவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கதைப்பதற்குக் காசு கட்டவேண்டும் என்பதுபோல் நடந்துகொள்பவர். இந்த வருடப் பயிற்சி தொடங்கிய அன்று, சட்டைக்குள் அடங்காமல் தள்ளிநின்ற என் வண்டியை ஒருதரம் பார்த்தார். "எழும்பாட்டில் இடமில்லை" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவே கனடாவிலிருக்கும் மச்சானிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், முறையிட்டேன். அவன் இரண்டு வருடத்தில் பதினெட்டுக் கிலோ குறைத்தவன். குறைத்த கிலோவெல்லாம் வாய்க்குப் போய்விட்டது போல. ஒரு மணித்தியாலம் கதைத்தான்.

"அத்தான், உங்கடை வண்டி முழுக்கச் சோறு. சோறு நஞ்சு. மாச்சத்தை நிப்பாட்டுங்கோ, உடம்பு தன்ரை கொழுப்பை எரிக்கும். களைப்பே வராது."

ஒரு பானை சோற்றைத் தனியாளாகக் காலி செய்து வளர்ந்த பிள்ளை இவன். இவனுடைய பங்கையும் சேர்த்து அரிசி ஊறப்போட்டவர் என் மாமியார். அந்த அரிசியை இன்று நஞ்சு என்கிறான். அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். நான் கொப்பியை எடுத்துக் குறிப்பெழுதினேன்.

ஐந்தே நாளில் மூன்று கிலோ குறைந்தது. நான் அதைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. தபால்காரரை மறித்துச் சொன்னேன். அதெல்லாம் உடம்பிலிருந்து வடிந்த தண்ணீர்தான் என்பது அப்போது தெரியாது. இடியப்பம் இல்லாத சொதியை எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்து, பேணியில் விட்டுக் குடித்தேன். மனைவி கூழ் காய்ச்சிய அன்று, பனங்கிழங்கு ஒடியல் மாவைத் தொடாமல், கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று நண்டையும் மீனையும் மட்டும் கொத்தி எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, மிச்சத்தை நாங்கள் குடிக்கலாமோ, இல்லாட்டில் அதையும் திரும்பக் கிளறுவியளோ?"

ஆறாம் நாள் தலையிடி வந்தது. ஏழாம் நாள் கால் இரண்டும் நனைந்த வாழைத்தண்டாகிவிட்டன. அன்று இரண்டு குலையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வழக்கமாக நான் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் பாதை. அன்று உரும்பிராய் தாண்டியதும் இறங்கி உருட்டத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது என்பதைப் பிற ஊர்க்காரருக்காகச் சொல்லவேண்டும். மேசைபோல மட்டமான தெருவில், மலையேறுகிறவனைப்போல் மூச்சு வாங்கியபடி போனேன். மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தினார்.

"என்ன அண்ணை, காத்துப் போயிட்டுதோ?"

"ஓம். சைக்கிளுக்கில்லை."

மச்சானுக்குப் போன் எடுத்தேன். "அது தொடக்கத்திலை அப்பிடித்தான் அத்தான். ரெண்டு மூண்டு கிழமை பொறுங்கோ, பழகிடும். உப்புப் போட்டுத் தண்ணி குடியுங்கோ" என்றான். எனக்குப் பிறசர் இருக்கிறது. உப்பை வைத்தியரம்மா குறைக்கச் சொன்னவ. ஆக, உப்புமில்லாமல் சோறுமில்லாமல் ஒரு மனிதன் உலாவினான்.

வஞ்சகமில்லாமல் சொல்லவேண்டுமென்றால், மூன்றாம் கிழமை பழகியது. அதுதான் என்னை மோசம் செய்தது. தலையிடி போனது. மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும் நித்திரை வரவில்லை. காலையில் வாய்க்கால் கட்டி இறைக்கவும், சருகு வெட்டவும், வெறுங்கையோடு சந்திவரை நடக்கவும் களைப்பே இல்லை. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினேன். நான் முடிவு கட்டிவிட்டேன்: நடக்க ஏலுமென்றால் குதிக்கவும் ஏலும்.

அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். முதல் செற்றில் முதல் மூன்று பந்து நன்றாகவே அடித்தேன். நாலாவதுக்கு எழும்பினேன். எழும்பினேன் என்பது என் எண்ணம்; கால்கள் அப்படி எண்ணவில்லை. பந்து எனக்கு மேலால், அவசரமில்லாமல், ஊர்வலம் மாதிரிப் போனது. அடுத்த பந்தை வலைக்குள் அடித்தேன். அதற்கடுத்ததை அடிக்கப் போய் வலையையே அடித்தேன். மூச்சில் குறையில்லை, நெஞ்சில் குறையில்லை. நின்ற நிலையில் சட்டென்று வெடிக்கவேண்டிய அந்த ஒரு கணத்தில், தொடைக்குள் ஒன்றுமே இல்லை. பெற்றோல் இல்லாத மோட்டார்சைக்கிளை உதைப்பதுபோல் இருந்தது.

அணித்தலைவர் ஒற்றை விரலை மடக்கி என்னை வெளியே கூப்பிட்டார். எனக்குப் பதிலாக இறங்கியவருக்கு வயது அறுபத்தொன்று. இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டியிருந்தார். அவர் வந்த கையோடு ஆறு புள்ளி அடித்தார். பக்கத்திலிருந்தவரிடம் அவர் காலமை என்ன சாப்பிட்டவர் என்று விசாரித்தேன். "ரெண்டு நீத்துப்பெட்டி பிட்டு, மூண்டு வாழைப்பழம். பழம் உங்கடை தோட்டத்துப் பழம்தான்" என்றார். அது எனக்குத் தேவையில்லாத தகவல்.

நாங்கள் வென்றோம். அவர்கள் வென்றார்கள் என்பதுதான் சரி. இறுதிப்போட்டி அடுத்த ஞாயிறு; என் இடத்தில் முழங்கால்பட்டி நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மச்சானை வீடியோவில் பிடித்தேன். அவன் நடக்கிற மெசின் ஒன்றில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கோயில் வீதி சுற்றுகிறவன் மாதிரி ஆறுதலாக நடந்துகொண்டிருந்தான்.

"நீ உதிலை ஓடுறதில்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தான். நடைதான். ஒரு மணித்தியாலம்."

"குதிக்கிறதில்லை?"

"எனக்கேன் குதிப்பு?"

"அப்ப எனக்குச் சொல்லேக்கை ஏன்டா சொல்லேல்லை?"

"நீங்கள் மெலியவேணும் எண்டுதானே கேட்டனீங்கள்? உங்கடை விளையாட்டு அலுவல் எனக்கென்ன தெரியும்?"

இரண்டு வருடமாக ஒரு மெசினில் நடந்து மட்டுமே பார்த்தவன், குதிக்கிறவனுக்குச் சாப்பாடு சொல்கிறான். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன், வீடியோவில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நெல்வயலைக் கண்ணால் கண்டிராத எவனோ. அவன் என் மனைவியின் பிட்டைக் கண்டானா? என் சைக்கிள் கறியரில் இருக்கும் குலையின் பாரம் அவனுக்குத் தெரியுமா? எல்லா உடம்புக்கும் ஒரே சட்டை தைத்துவிட்டு, பொருந்தாவிட்டால் உடம்பைக் குறைசொல்கிற ஆட்கள். ஆனால் கொப்பியில் குறிப்பெழுதிய கை என்னுடையது. அதற்கு யாரைத் திட்டுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

திங்கட்கிழமை பிறசர் மாத்திரைக்குப் போன இடத்தில் வைத்தியரம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவ சிரிக்காமல் கேட்டா. ஆறுதலான வேலைக்கு உடம்பு கொழுப்பைக் கொண்டு சமாளித்துவிடுமாம். ஓடுகிற, பாய்கிற, குதிக்கிற வேலைக்குத் தசைக்குள் சேர்ந்திருக்கும் சர்க்கரைதான் வேண்டுமாம். அதைச் சேர்ப்பது சோறும் கிழங்கும் பழமும்தானாம். "ஐயா, நீங்கள் மூண்டு கோப்பை சோறு சாப்பிட்டதும் பிழை, ஒண்டும் சாப்பிடாமல் விட்டதும் பிழை. ஒரு கோப்பை சாப்பிட்டிருந்தால் இஞ்சை வந்து கத்தத் தேவையில்லை" என்றா. எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிற ஆட்கள்மேல்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வரும்.

அன்று மத்தியானம் சிவத்தப் பச்சையரிசிச் சோறு, சுறா வறை, முருங்கைக்காய்க் குழம்பு. ஒரு கோப்பையோடு நிறுத்தினேன். நிறுத்தியது நானா மனைவியா என்பது குடும்ப விஷயம். "கோப்பையை நக்காதேங்கோ, கழுவத்தான் போறன்" என்றாள். செவ்வாய், புதன் என்று காலமை அளவாகப் பிட்டு, பின்னேரம் ஒரு கதலி. வியாழக்கிழமை குலையோடு சுன்னாகம்வரை சைக்கிளால் இறங்காமல் ஓடினேன். வெள்ளிக்கிழமை கிணற்றடியில் யாரும் பார்க்காதபோது கரித்துண்டோடு குதித்து, எட்டின உயரத்தில் கமுகமரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கோடு எவ்வளவு உயரத்தில் விழுந்தது என்பதைச் சொல்லமாட்டேன். கெட்ட கோடு இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். அணித்தலைவர் தனியாக நின்று வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். தசைக்குள் சர்க்கரை சேரும் விதம், மச்சானின் மெசின், வெள்ளைக் கோட்டுக்காரனின் அயோக்கியத்தனம், வைத்தியர் சொன்னது, ஆறு நாளாக நான் சாப்பிட்டது, ஒன்றும் விடவில்லை. ஒரு மனிதன் சாப்பாட்டை மாற்றிப் பிழைவிட்டால் அதற்காக அவனுடைய இடத்தைப் பறிப்பது நியாயமா, முழங்காலில் பட்டி கட்டின ஆளுக்கு இறுதிப்போட்டியில் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வீதியால் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் கடைசி முடிச்சைப் போட்டு, வலை தளராமல் நிற்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்தார். கீழே கிடந்த பந்தை எடுத்தார்.

"அப்ப நாளைக்கு நான் விளையாடலாமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"குதி, பாப்பம்."