கோட்டுக்குக் கழிக்காத அரை அங்குலம்

அம்மா வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

"டயர்ல காத்து பாத்தியா?"

பார்த்துவிட்டதாக அம்மா சொன்னாள். போய்விட்டாள். பிப்ரவரி மாதம், எங்கள் ஊரில் கோடைக்காலம், நல்ல வெயில். அப்பா உள்ளே வந்து கெட்டிலைப் போட்டார், தண்ணீர் ஊற்றாமல். கருகிய வாசனை வந்ததும் நான் ஓடிப்போய் அணைத்தேன். அவர் கோப்பையில் டீப் பையைப் போட்டுவைத்து, வராத தண்ணீருக்காக நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவின் பெயர் வாரிக் டல்லாக். மட்டாரா ஆற்றுக்கு இந்தப் பக்கம் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாருக்கும் அவரைத் தெரியும். இருபத்தாறு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்டுத்தோல் உரித்தார். முதுகு போனது. அதற்குப் பிறகு வீட்டில், துணி துவைக்கிற அறையில், வாஷிங் மெஷினுக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே ஒரு மேஜை போட்டுக்கொண்டு வேட்டைத் துப்பாக்கிகளைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

துப்பாக்கிகள் இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் பெட்டிபெட்டியாக வந்து இறங்குகின்றன. எல்லாம் யாரோ ஒருவனுக்காகச் செய்தவை. அவன் வலது கைக்காரன், நடுத்தர உயரம், கழுத்தும் அளவான கழுத்து. அந்த ஆள் எங்கள் ஊரில் இல்லை. இங்கே இருப்பவர்களுக்குக் கை நீளமாக இருக்கும், கழுத்தே இருக்காது. அதனால் அப்பா துப்பாக்கியின் பின்னால் தோளில் பதிகிற மரக்கட்டையை அறுப்பார், கன்னம் படும் இடத்தைச் சீவுவார், மான் வேட்டை ரைபிள் என்றால் தூரக்கண்ணாடிக்குத் தகுந்தபடி கன்னத்தைத் தூக்கி வைப்பார். இடது கைக்காரன் வந்தால் ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிக் கட்டையின் கழுத்தில் மெதுவாக ஊற்றி, மரம் இளகியதும் இந்தப் பக்கமாக வளைத்துக் கவ்வியில் போட்டு இறுக்கிவிடுவார். ஒரு வாரம் எங்கள் துணியெல்லாம் அந்த எண்ணெய் வாசனை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் என்னை 'வார்னிஷ்' என்று கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அது காரணமில்லை. கணக்குதான் காரணம்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். கட்டையின் பின்பக்கத்தில், தோளில் பதிகிற ரப்பர் பட்டையைத் திருகுவதற்கு முன்னால், அடியில் மறைகிற மரத்தில் பென்சிலால் எழுதுவார். யாருக்கு, எவ்வளவு நீளம், மேலே போடுகிற கோட்டுக்கு எவ்வளவு கழித்தது. அளவெடுக்கிறபோது எல்லாரும் வீட்டுக்குள் சட்டையோடுதான் நிற்பார்கள். ஆனால் வாத்து வேட்டை தொடங்குவது மே மாதம் முதல் சனிக்கிழமை. உறைபனியில், நீருக்குப் பக்கத்தில், கம்பளியும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அந்தக் கனத்துக்கு அரை அங்குலம் கழிக்காவிட்டால் கட்டை அக்குளில் மாட்டிக்கொள்ளும். தோளில் உட்காராமல் சுட்டால் முகத்தில் இடிக்கும். அப்பா இதை மறந்ததே கிடையாது. ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் கழிக்கமாட்டார், அது அம்மா. அவளுக்குக் குளிர் என்பதே தெரியாது. உறைபனியிலும் ஒற்றைக் கம்பளி பனியனோடு உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருடம் அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கிற வருடம். பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. லைசென்ஸ் ஆபீசர் வீட்டுக்கு வந்து இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்ப்பார். பிறகு மனைவியிடம் தனியாகப் பேசுவார். இந்த ஆளிடம் துப்பாக்கி இருப்பது உங்களுக்குப் பயமாக இருக்கிறதா, கோபம் வருமா, பகை வைத்திருப்பாரா என்றெல்லாம் கேட்பார். மனைவி விட்டுப்போயிருந்தாலும் அவளிடம்தான் கேட்பார். விட்டுப்போனவளிடம் இன்னும் நன்றாகவே கேட்பார். அவள் ஒரு வார்த்தை இழுத்துச் சொன்னால் போதும், அலமாரி காலி. அலமாரி காலியானால் அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்க எந்தக் காரணமும் இல்லை. மற்ற காரணங்கள் எல்லாம் பிப்ரவரியிலேயே காரில் ஏறிப் போய்விட்டன.

படிவத்தில் மனைவி பெயருக்கு நேரே அப்பா எழுதினார்: நோலீன். போன் நம்பரைப் பார்க்காமலே எழுதினார்.

ஏப்ரலில் அம்மாவே வந்தாள், லின்ட்சேயைக் கூட்டிக்கொண்டு. லின்ட்சே பால் கறக்கிற மெஷின் விற்கிறவர். அம்மா அவரோடுதான் இருக்கிறாள். இத்தாலிய இரட்டைக்குழல் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். இடது கைக்காரர்.

"வாரிக், உன்னை விட்டா இதைச் செய்ய யாரும் இல்ல" என்றாள் அம்மா. "கேக்கவே கூச்சமாத்தான் இருக்கு."

"எதுக்குக் கூச்சம்? இடது கைதானே" என்றார் அப்பா.

லின்ட்சே சட்டையோடு நின்று முழங்கையை மடக்கிக் காட்டினார். அப்பா விசையிலிருந்து அளந்தார். அந்தத் தோளைத் தொட்டு, நிமிர்த்தி, கன்னத்தைக் கட்டையில் பொருத்தி, "கண்ணைத் திறந்தே வைங்க" என்றார். மாடு வாங்க வந்தவர் மாட்டைப் பார்ப்பதுபோல இருந்தது, ஆனால் வாங்குகிற எண்ணமில்லாமல்.

நான் லின்ட்சேயின் டீயில் இரண்டு கரண்டி உப்புப் போட்டுக் கொடுத்தேன். அவர் முழுசும் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார். அதற்கப்புறம் அவரை வெறுப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

அப்பா எண்ணெய் காய்ச்சினார், வளைத்தார், அறுத்தார், பட்டையைத் திருகினார். மே முதல் சனிக்கிழமை வந்தது.

அன்று காலை நான் வேலை செய்கிற பேக்கரியில் இறைச்சிப் பலகாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊரே குளத்தங்கரைகளில் மறைப்புக் குடில்களுக்குள் இருந்ததால் கடையில் ஒருவரும் இல்லை. ஒன்பது மணிக்கு மர்ரே வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவோடு ஒரே குடிலில் உட்காருகிறவர். காலணிச் சேறு தரையெல்லாம்.

"உங்கப்பன் ஒரு ஜித்தன்டீ ப்ரையனி!"

"ஏன், எத்தனை வாத்து?"

"வாத்தா? லின்ட்சேடீ! முதல் சூட்டிலேயே கட்டை அக்குள்ல மாட்டி வாயில இடிச்சிருக்கு. உதடு கிழிஞ்சு, முன்பல்லு ஒண்ணு பாதி காணோம். ஊசி நூலோட உக்காந்திருக்கான் ஆஸ்பத்திரில. நான் வாரிக்கிட்ட சொன்னேன், டேய், ஒரு பல்லோடவா விட்டே, நான்னா ரெண்டாவது குழலுக்கும் வேலை வச்சிருப்பேன்னு."

"அப்பா என்ன சொன்னார்?"

மர்ரேயின் சிரிப்பு நின்றது. "வாத்து தலைக்கு மேல போகுது, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான். ஒரு தோட்டாகூடச் சுடல."

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாரும் அப்பாவுக்காகச் சந்தோஷப்பட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆபீசர் அம்மாவுக்குப் போன் செய்வதாக இருந்தது. பகை வைத்திருப்பாரா என்ற கேள்வியும் அதில் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தனியாக வந்தாள். துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல்கள் காலி என்று காட்டி, சமையல் மேஜையில் வைத்தாள். எங்கள் வீட்டில் சண்டைக்கு முன்னாலும் இதைச் செய்தாக வேண்டும். அப்பா சீஸ் ரோல் தின்றுகொண்டிருந்தார். தின்பதை நிறுத்தவில்லை.

"வாரிக். வேணும்னே பண்ணினியா?"

அப்பா மென்று விழுங்கினார். "தெரியல."

"தெரியலன்னா?"

"நினைச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல, நோலீன். அந்த வாரமே ஞாபகத்துல இல்ல."

இதைவிட மோசமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் வாயைத் திறந்தேன்.

"நான்தாம்மா. அளவு எழுதின சீட்டை நான்தான் மாத்தி வச்சேன். சும்மா விளையாட்டுக்கு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி. ஆபீசர்கிட்ட அப்படியே சொல்லவா? லைசென்ஸ் இல்லாத பதினாறு வயசுப் பொண்ணு துப்பாக்கி மேஜையில கை வச்சான்னு? பத்து வருஷத்துக்கு இல்ல, உங்கப்பனுக்கு இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது."

"இல்ல, நான் வந்து..."

"பொய்யாவது ஒழுங்காச் சொல்லுடீ. உப்பு போட்டது மட்டும் நீதான்னு எனக்குத் தெரியும்."

அம்மா இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். அது எந்த இழுப்பறை என்று அவளுக்கு இன்னும் தெரிந்திருந்தது. ரப்பர் பட்டையின் இரண்டு திருகுகளையும் கழற்றினாள். அடியில் அப்பா என்னென்ன எழுதுவார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கோட்டுக்குக் கழித்ததாக எழுதிவிட்டுக் கழிக்காமல் விட்டிருந்தால், அது வேண்டுமென்று செய்ததுதான்.

பட்டை கையோடு வந்தது. அம்மா படித்தாள். நெடுநேரம் படித்தாள், அவ்வளவு எழுத்து அதில் இருக்க முடியாது. பிறகு கட்டையைத் திருப்பி அப்பா முன்னால் வைத்தாள். எனக்கும் தெரிந்தது. அப்பாவின் சாய்ந்த எழுத்து.

பதினாலே கால். கோட் இல்லை. நோலீன்.

அளவு லின்ட்சேயுடையது. மற்ற இரண்டும் இருபது வருடப் பழக்கம். அவள் கொண்டுவந்து கொடுத்த வேலை, அவள் பெயரைப் போட்டுவிட்டார். அவள் பெயருக்குக் கோட் கழிப்பதில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

"ஓ" என்றார் அப்பா. "கோட்டைக் கழிக்கல."

"ஆமா."

"அவருக்குப் பல்லு ரொம்ப வலிக்குதா?"

"சூப்புதான் குடிக்கிறாரு."

அப்பா எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கட்டையைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு துணி துவைக்கிற அறைக்குப் போனார். ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். அம்மா கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். வெளியே உறைபனி இன்னும் புல்லில் இருந்தது. அவள் பனியனோடுதான் வந்திருந்தாள். என் கோப்பையைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், சர்க்கரையில் நான் ஏதாவது கலந்திருப்பேனோ என்று.

அப்பா திரும்பி வந்து கட்டையை நீட்டினார். பட்டையைத் திருகுவதற்கு முன்னால் அம்மா பார்க்கட்டும் என்று. புதிதாக அறுத்த மரத்தில் லின்ட்சே பெயர் இருந்தது, கோட் அரை அங்குலம் என்று இருந்தது. பழைய எழுத்து அறுபட்ட துண்டில் போய்விட்டது. அந்தத் துண்டு எங்கே என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குப்பைக்கூடையில் நான் தேடிப் பார்த்தேன், அதில் இல்லை.

வாசலில் அம்மா நின்றாள். "என் துப்பாக்கி இன்னும் உன் அலமாரியிலதான் இருக்கு."

"எடுத்துக்கிறியா?"

"லின்ட்சே வீட்டு அலமாரி சின்னது" என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் என்ன கேட்டார் என்று அவளிடம் பிறகு கேட்டேன். ஒன்றொன்றாகச் சொன்னாள். கோபம் வருமா? வந்தால் நல்லாத்தான் இருக்கும், வராது. பகை? லின்ட்சேயின் உதடு பற்றி ஆபீசருக்கும் காற்றுவாக்கில் செய்தி வந்திருந்தது. அதற்கு அம்மா, என் பெயரை வேறொருத்தன் துப்பாக்கியில் எழுதிவைத்த ஆள் அவர், கவனம் போயிருந்தது, இப்போது சரிசெய்துவிட்டார், அந்தத் துப்பாக்கியில்தான் இந்த வாரமும் சுடப்போகிறோம் என்றிருக்கிறாள். உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?

"என் துப்பாக்கியையே அவர்கிட்ட விட்டு வச்சிருக்கேன்னு சொன்னேன். ஆபீசர் வேற ஒண்ணும் கேக்கல."

ஜூன் மாதம் லைசென்ஸ் தபாலில் வந்தது. படத்தில் அப்பா, மயிர் கத்தரிக்க வரிசையில் நிற்கிற ஆடு மாதிரி இருந்தார். அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்த ஜாதி ஆடு?" என்று கேட்டார்.

அட்டையைக் கரண்டிகள் இருக்கிற இழுப்பறையில் போட்டார். கெட்டிலைப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது, இரண்டு கோப்பைக்கு.