ஒட்டகத்தின் தண்ணீர் பாட்டில்

பேருந்துப் பணிமனையில் அந்த ஓட்டுநருக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர். ஐந்து மணி நேர ஓட்டம், நடுவில் வண்டியை நிறுத்தி ஒதுங்க இடம் கிடையாது. அதனால் ஒரு வாய்த் தண்ணீரோடு ஏறி, மறுமுனையில்தான் இறங்குவார். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓட்டினார். மனிதருக்கு அதில் பெருமை வேறு. ஒட்டகம் தாங்கும், சிறுநீரகம் தாங்குமா?

சிறுநீரகத்தில் கல் வந்தது. ஆஸ்பத்திரியில் அதை உடைத்து எடுத்துவிட்டார்கள். சிறுநீர் தடையில்லாமல் இறங்க, இரண்டு வாரத்துக்கு என்று உள்ளே ஒரு மெல்லிய குழாயை விட்டுவைத்தார்கள். அதன்பின் ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது. விலாவைச் சுண்டி இழுத்தது. வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டியது.

தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். தையற்கடையில் துணி வெட்டுகிற மனைவிக்கு எதுவும் அளவாக இருக்க வேண்டும். பெரிய பாட்டிலில் மணிக்கு ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

குடித்தால்தானே போக வேண்டும் என்று கணக்குப் போட்டார் நம் ஆள். கோடு தவறாமல் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினார். சாயங்காலம் காலி பாட்டிலைப் பார்த்து அவளுக்கு மனம் குளிர்ந்தது. செடி மட்டும் நாளுக்கு நாள் மஞ்சளாகி, வேர் அழுகிச் சாய்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

ஐந்தாம் நாள் காலை, கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர்க்காய்ச்சல். முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. மனைவி அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் குடிக்கிறாரா என்று டாக்டர் கேட்டதும், மூன்று லிட்டர் குறையாமல் குடிக்கிறார், கோடு போட்டதே நான்தான் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

“அப்போ குழாய் அடைச்சிருக்கும். உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகணும்.”

நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். மனைவி பேனாவைத் திறந்தாள். அவர் பேனாவையே பார்த்தார். வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னால் அவள் முகம் விழும், திறக்காவிட்டால் இன்னொரு தடவை கத்தி. பேனா தாளைத் தொட்டது.

“குடிக்கலை,” என்றார். “எல்லாத்தையும் செடிக்கு ஊத்திட்டேன். எரிச்சல் தாங்க முடியலை.”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் படிவத்தை ஒதுக்கி, முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழாய் சரியாகத்தான் இருந்தது. உடம்புதான் வற்றி, கிருமி தொற்றியிருந்தது. சாயங்காலத்துக்குள் சிறுநீர் இறங்காவிட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று சொல்லி, மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். மனைவி சொட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டித் தீர்த்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாவது குளுக்கோஸ் பாட்டில் பாதி இறங்கியபோது அடிவயிறு லேசாக முட்டியது. அவள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை வந்தாள். கதவிடுக்கு வழியே டியூப் மட்டும் உள்ளே வந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் அடக்கிப் பழகிய உடம்பு, பயத்தில் இன்னும் இறுகியது.

“வருதாங்க?”

“எரியும்.”

“எரியட்டும். வருதா?”

பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். உயிர் போய் வந்தது.

“வருது.”

அதுவரை அசையாமல் இருந்த டியூப் மெல்ல ஆடத் தொடங்கியது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.