ஒரு முழம் மடித்த ஜமக்காளம்

ராணியம்மாள் எப்போது ஜமக்காளம் விரித்தாலும் மேற்குச் சுவரோரம் ஒரு முழம் மடித்துத்தான் விரிப்பாள். அந்தக் கூடத்துக்கென்றே அளவு சொல்லி அவள் அப்பா நெய்யக் கொடுத்து வாங்கியது அது. வருஷக்கணக்காக மடித்து மடித்து, மடிப்பில் சாயம் வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. மகள் தேவிப்ரியா அதைப் பார்த்தே வளர்ந்தாள். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வேங்கிக்காலில் அப்பா விட்டுப்போன வீட்டை அக்காளும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் நின்றது அக்காள் பாதிக் கூடத்தின் மேற்குச் சுவர். 1991-இல், புருஷனை இழந்திருந்த ராணியம்மாள் எட்டு வயது மகளோடு கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தாள். இருபது நாள் கழித்துத் திரும்பினால், சுவர் முழுக்கப் பலகை அடித்து வார்னிஷ் பூசி வைத்திருந்தான் தம்பி ராமதாஸ்.

"உனக்குத்தான்க்கா. டாக்டர் வீட்டு ஹால் மாதிரி இல்ல?"

அவள் அழுதேவிட்டாள். ஜமக்காளம் நீளமாகிப் போனதைக் காட்டியபோது, "சட்டம், பலகைனு அடிச்சா எடம் கம்மியாவும்க்கா" என்றான். சரியென்று மடித்தாள்.

அதே வாரம் தெருக்கோடி பச்சையம்மாள் வந்தாள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள்.

"யக்கா, பழைய செவுத்த இடிச்சிட்டு ஒரு முழம் உன் பக்கம் தள்ளிக் கட்டிக்கீறாரு உன் தம்பி. கல்லு சொமந்ததே நான்தான்."

"என் தம்பி எனக்குச் செஞ்சா உனக்கு ஏன்டி வயிறு எரியுது? திருடி! கோள் மூட்டவா வந்த?" தெருவே கேட்கக் கத்தினாள் ராணியம்மாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் பச்சையம்மாளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

2004-இல் தேவிப்ரியா பட்டம் முடித்திருந்தாள். பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பலகை கறுத்துப்போய்க் கூடம் பகலிலேயே இருட்டிக் கிடந்தது. பெயிண்டர் வேணு தட்டிப் பார்த்தார்.

"தேய்ச்சி வார்னிஷ் அடிச்சா புதுசாயிடும், இருட்டு போவாது. மேலயே வெளிர் எனாமல் அடிக்கலாம். காகிதம் ஒட்டலாம், வெயிலுக்கு உரிஞ்சிக்கும். இல்ல, மேல்பாதிய எடுத்துட்டு டிஸ்டெம்பர், கீழ்ப்பாதிப் பலகைக்கு வெள்ளை."

தேவிப்ரியா கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுத்தாள்.

"பார்த்து எடுங்க. தம்பி ஆசையா செஞ்சி குடுத்தது" என்றாள் ராணியம்மாள்.

அடியில் ஒரு பலகை உளுத்திருந்தது. அதை மாற்றுவதற்காக வேணு முதலில் பெயர்த்தார். உள்ளே பூசாத செங்கல். கூடத்தின் சிவப்புத் தரைக்கு மற்ற மூன்று சுவரோரமும் சாண் அகலத்தில் கறுப்புக் கரை உண்டு. இங்கே கரையைக் காணோம். சிவப்பு அப்படியே செங்கல்லுக்கு அடியில் போயிருந்தது.

"இது அப்புறம் கட்டுன செவுருங்க. கரை அந்தாண்ட இருக்கும்."

சத்தம் கேட்டு ராமதாஸ் வந்து நின்றான். ராணியம்மாள் தரையைக் காட்டினாள்.

"மாடிப்படிக்கு எடம் பத்தலக்கா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. ஏன் கேக்கல?"

"அதான் பலகை அடிச்சிக் குடுத்தேனே."

மிச்சமிருந்த பலகை எல்லாவற்றையும் அன்றே பிடுங்கச் சொன்னாள். அம்மா அவனை நிஜமாகவே நம்பினாளா, போக வேறு இடமில்லாததால் நம்பிக்கொண்டாளா? தேவிப்ரியாவுக்குப் பிடிபடவில்லை. பச்சையம்மாள் வந்து சொன்ன அன்று அவளும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான்.

பச்சையம்மாள் இப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் துணி துவைப்பதாகத் தெரிந்தது. ராணியம்மாள் இரண்டு தடவை பஸ் ஏறிப் போனாள். இரண்டு தடவையும் எதிர்ச்சாரியிலேயே நின்று, பச்சையம்மாள் போர்வை உலர்த்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

2007-இல் ராணியம்மாள் இறந்தபோது பச்சையம்மாள் வந்தாள். கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். தேவிப்ரியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று அவள் சொன்னது நிஜம்தான் என்று சொல்லிவிட நினைத்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

திருடி என்று அம்மா கத்தியது தெருவுக்கே கேட்டிருந்தது. அது பொய் என்று அந்தத் தெருவில் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.