கெலிஓயாவில் ஒரு கையெழுத்து

கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் மழை விட்டிருக்கிறது. ஈரானியப் பெண் இயக்குநர், தையல் கடை நடத்தும் பரீதா ராத்தாவைப் படம்பிடிக்கிறார். நான் மொழிபெயர்க்க வந்தவள்.

"கலியாணப் பதிவுல உங்க கையெழுத்து எங்க?" இயக்குநரின் கேள்வியைத் தமிழில் கேட்கிறேன்.

"பொண்ணுட கையெழுத்து கேக்கிற இல்ல, தங்கச்சி. என்னப் பெத்த வாப்பாதான் வெச்சாரு." மெஷினை மிதித்தபடியே சொல்கிறார்.

இயக்குநர் கமெராவை இறக்கிப் பையில் வைக்கிறார். புறப்படும் அவசரத்தில், படமெடுக்கச் சம்மதம் கேட்கும் படிவத்தை எடுத்து, வாசலில் நின்ற ராத்தாவின் கணவரிடம் பேனாவோடு நீட்டுகிறேன்.

மெஷின் நிற்கிறது.

"எனக்கும் எழுத ஏலும், தங்கச்சி."

திரும்பிப் பார்க்கிறேன். கணவர் கையெழுத்து வைத்துவிட்டார். நான் கொண்டுவந்திருந்தது அந்த ஒரு தாள்தான்.